சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்கச் சொல்வது?

ஏப்ரல் பிறந்ததும் மாதச் சம்பளம் பெறுவோருக்கு அலுவலகக் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வருகிறது. புதிய வரி முறையா, பழைய வரி முறையா. பழையது எனில் வீட்டு வாடகை, சேமிப்பு, காப்பீடு, வீட்டுக் கடன் வட்டி எவ்வளவு என்று அது கேட்கிறது. பலரும் சென்ற ஆண்டு எழுதியதையே மீண்டும் எழுதிக் கொடுத்துவிடுகின்றனர். ஆண்டு முழுவதும் கைக்கு வரும் தொகையைத் தீர்மானிக்கும் அந்தப் படிவத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஊழியர் தரும் விவரத்தை வைத்து நிறுவனம் ஆண்டு வரியை மதிப்பிட்டு, மாதந்தோறும் பகிர்ந்து பிடிக்கிறது. எதுவும் தெரிவிக்காதவருக்குப் புதிய முறையிலேயே பிடித்தம் நடக்கும். பழைய முறையில் அறிவித்த சேமிப்புக்கு ஆண்டின் இறுதியில் ஆதாரம் தர வேண்டும். தர இயலாவிட்டால், அதுவரை குறைவாகப் பிடித்த வரி முழுவதும் கடைசி இரண்டு, மூன்று மாதச் சம்பளத்தில் இறங்கும்.

எந்த முறை இலாபம்? 2025-26 நிதியாண்டின் விகிதப்படி, ஆண்டுக்கு ரூ.15 லட்சம் சம்பளம் பெறும், 60 வயதுக்குட்பட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில் ரூ.75,000 நிலையான கழிவு போக, செஸ் உள்பட அவருடைய வரி ரூ.97,500. பழைய முறையில் நிலையான கழிவு ரூ.50,000, சேமிப்பு ரூ.1.5 லட்சம், வீட்டுக் கடன் வட்டி ரூ.2 லட்சம், மருத்துவக் காப்பீடு ரூ.25,000 ஆகியவற்றைக் கழித்த பிறகும் வரி ரூ.1,40,400. இரண்டும் சமமாக வேண்டுமெனில், நிலையான கழிவு நீங்கலாக ஏறத்தாழ ரூ.5.44 லட்சத்துக்குக் கழிவுகள் தேவை. பெருநகரில் அதிக வாடகை தருவோர் சிலருக்கே அது கைகூடும். சம்பளம் ரூ.12.75 லட்சத்தைத் தாண்டாமல், வேறு வருமானமும் இல்லாதவருக்குப் புதிய முறையில் வரியே இல்லை.

அலுவலகத்தில் தெரிவித்ததே முடிவானதும் அன்று. தொழில் வருமானம் இல்லாதவர்கள், உரிய கெடுவுக்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது வேறு முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

'அதிகமாகவே பிடிக்கட்டும், பிறகு ரீஃபண்டாக வரட்டும்' என்று சொல்வோரை நான் அடிக்கடிச் சந்திக்கிறேன். உண்டியல் சேமிப்புப் போல அது தோன்றலாம். ஆனால், திரும்ப வரும் பிடித்தத் தொகைக்கு அந்த நிதியாண்டு முடிந்த பிறகே மாதம் 0.5 சதவீத வட்டி கணக்கிடப்படுகிறது. ஆண்டு முழுவதும் அரசிடம் இருந்த பணத்துக்கு வட்டி கிடையாது. அதே காலத்தில் கிரெடிட் கார்டு கடனுக்கு வட்டி கட்டுபவருக்கு இது நஷ்டமே.

குறைவாகப் பிடித்தாலும் சிக்கல்தான். பிடித்தம் போகச் செலுத்த வேண்டிய வரி ரூ.10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால், முன்கூட்டியே வரி செலுத்தாததற்கு மாதம் 1 சதவீத வட்டி சேரும். ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்களே இதில் அதிகம் சிக்குகின்றனர். பழைய சம்பள விவரம் தெரியாத புதிய நிறுவனம், நிலையான கழிவையும் வரியில்லா வரம்பையும் மறுபடி கொடுத்துவிடுகிறது. வைப்புத்தொகை வட்டியில் வங்கி பிடிப்பது 10 சதவீதம்தான். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு எஞ்சியது பாக்கியாக நிற்கும். முந்தைய சம்பளத்தையும் வட்டி வருமானத்தையும் நிறுவனத்திடம் தெரிவித்தால் அதற்கும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும்.

கொடுக்காத வாடகைக்கு ரசீது வைப்பது மட்டும் கூடவே கூடாது. பொய்க் கழிவு கண்டறியப்பட்டால் வரி, வட்டியுடன், குறைத்துக் காட்டிய வரியின் இருமடங்கு அபராதமும் உண்டு.

ஏப்ரலில் இரு முறைகளிலும் கணக்கிட்டுப் பாருங்கள். உறுதியாகச் செய்யப்போகும் சேமிப்பை மட்டும் எழுதுங்கள். ஊதிய உயர்வு, வேலை மாற்றம் எது நேர்ந்தாலும் டிசம்பருக்குள் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். திருத்துவதற்கு அப்போது இன்னும் சில மாதச் சம்பளம் மீதமிருக்கும்.