மலையேறும் பாட்டரி

திருத்தணிகை மலைக்குப் படிகள் 365. ஆண்டில் நாட்கள் எத்தனையோ அத்தனை படிகள் என்று ஊரார் கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் 31-ஆம் நாள் படித் திருவிழாவின்போது, படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுகிற அடியார்களை அங்கே காணலாம். மாணவ நண்பர்களே, உங்கள் கால்களுக்கு இந்த மலை ஒரு பொருட்டே அன்று. எழுபதைத் தாண்டிய பாட்டிக்கோ நூறாவது படியிலேயே மூச்சு வாங்கிவிடுகிறது. வண்டிகள் செல்ல மலைப்பாதை உண்டு. அதில் புகையும் இரைச்சலும் இல்லாத மின்சார வண்டி ஒன்று முதியோரை ஏற்றிச் செல்ல வேண்டுமானால், அதற்கு எந்தப் பாட்டரியைப் பூட்டுவது? இதுவே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பழனியில் மலையடிவாரத்துக் கிரிவலப் பாதையில் இத்தகைய வண்டிகளைத் தேவஸ்தானம் ஓட்டி வருகிறது. ஆனால் அது மலையைச் சுற்றி வருகிற பாதை. மலைமேல் ஏறுகிற பாதை அன்று. சமதரைக்கும் ஏற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பாட்டரிக்கு எவ்வளவு பெரியது என்பதைப் பலர் உணர்வதில்லை. கோல்ப் ஆடுவோர் தம் கோல்களை வைத்த பையைச் சுமந்துசெல்ல ஒரு சிறு மின்வண்டி வைத்திருப்பார்கள். மேடும் பள்ளமுமான ஆடுகளத்தில் அதை உருட்டிச் செல்கிறவர்களுக்கும் இதே கேள்விதான் எழுகிறது. வண்டி சிறியது, கணக்கு ஒன்றே.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். படியொன்றுக்கு அரை அடி உயரம் என்று கொண்டால் 365 படிக்கு ஏறக்குறைய 55 மீட்டர். ஆட்களோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி ஒன்றை மனத்தில் கற்பித்துக்கொள்ளுங்கள். அதை 55 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 5,39,000 ஜூல் ஆற்றல் வேண்டும். பாதையின் நீளம் ஒரு கிலோமீட்டர் எனக் கொண்டால், சக்கரம் உருளும் தடைக்கு இன்னும் இரண்டு லட்சம் ஜூல். மோட்டாரிலும் பற்சக்கரங்களிலும் வீணாவதையும் சேர்த்தால் மொத்தம் பத்தரை லட்சம் ஜூல் ஆகிறது. கேட்பதற்குப் பெரிய தொகை. மின்சாரக் கட்டணச் சீட்டில் வருகிற யூனிட்டாக மாற்றினால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! ஆறு பேரை மலைமேல் ஏற்றுவதற்கு ஆகும் மின்சாரம், ஒரு மின்விசிறி சில மணி நேரம் சுழல ஆகும் மின்சாரமே.

அப்படியானால் எந்தப் பாட்டரியானாலும் போதுமே என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஆற்றலின் அளவு சிறிதானாலும் அதைக் கொடுக்க வேண்டிய நேரம் குறுகியது. ஐந்து நிமிடத்தில் வண்டி மேலே சேரவேண்டும் என்றால், 48 வோல்ட் பாட்டரியிலிருந்து விடாமல் எழுபது ஆம்பியருக்குக் குறையாமல் மின்னோட்டம் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊர்க் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் இறைக்கிறவர் ஊற்றின் போக்கறிந்து நிதானமாக இறைத்தால் பகல் முழுவதும் இறைக்கலாம். அவசரப்பட்டு இறைத்தால் சிறிது நேரத்தில் சால் தரையில் தட்டும். கிணறு வற்றிவிட்டதா? இல்லை. நீர் மண்ணுக்குள் இருக்கிறது. ஊறி வர நேரம் இல்லை. ஈயப் பாட்டரியின் இயல்பு இதுவே.

1859-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் காஸ்தோன் பிளாந்தே என்பவர் ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய முதல் சேமக்கலத்தை அமைத்தார். 1881-இல் காமில் போர் என்பவர் தகட்டின் மேல் ஈயக் கூழைப் பூசி அதைத் திருத்தினார். இன்று நம் மோட்டார் வண்டிகளில் இருப்பது அடிப்படையில் அதுவே. மின்னிறக்கம் நிகழும்போது தகட்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் அமிலம் செலவாகிறது. வெளியிலுள்ள அமிலம் மெல்ல ஊர்ந்து உள்ளே வரவேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் உள்ளே அமிலம் தீர்ந்துபோகிறது, வோல்ட் சரிகிறது. 1897-இல் பாய்க்கெர்ட் என்னும் ஜெர்மானியர் இந்தக் குறைவுக்கு ஒரு சூத்திரம் வகுத்தார். நூறு ஆம்பியர்-மணி என்று பாட்டரியின் மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் இருபது மணி நேரம் ஐந்து ஐந்து ஆம்பியராக எடுக்கும்போது கிடைப்பது. எழுபது ஆம்பியராக எடுத்தால் அதே பாட்டரி அறுபது ஆம்பியர்-மணி அளவுதான் தருகிறது. அதையும் முழுவதும் உறிஞ்சினால் தகடு விரைவில் கெடும் என்பதால் பாதியோடு நிறுத்துவது முறை. ஆகவே நூறு என்று எழுதிய இடத்தில் நம் கைக்கு எட்டுவது முப்பது. ஒரு முறை மலையேற ஆறு ஆம்பியர்-மணி. ஐந்து முறை ஏறினால் தீர்ந்தது. இடையிடையே வண்டி நின்று ஓய்ந்தால் கிணறு ஊறுவதுபோல் இதுவும் சற்று மீளும். ஆனால் கிருத்திகைக் கூட்டத்தில் வண்டிக்கு ஏது ஓய்வு?

ஒரு மலைக்கோயிலில் நான் கண்டதைச் சொல்கிறேன், ஊர்ப்பெயர் வேண்டாம். காலையில் உற்சாகமாக ஓடிய வண்டி, பிற்பகலில் நடுமேட்டில் நின்றுவிட்டது. முன்பலகையில் இருந்த ஊசி பாதிக்கு மேலேயே காட்டிற்று. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். வண்டியிலிருந்த முதியவர் இருவர் அந்த வெயிலில் நடந்தே போனார்கள். குறையெல்லாம் ஓட்டுநர்மேல் சுமத்தப்பட்டது. அவர் என்ன செய்வார்? வண்டி நிற்கும்போது ஊசி காட்டுவது வேறு, மேடேறும்போது பாட்டரி தருவது வேறு.

இனி லிதியம் பாட்டரி. இதிலே லிதியம் அயனிகள் ஒரு மின்வாயின் அடுக்குகளிலிருந்து மற்றொன்றின் அடுக்குகளுக்குப் போய்வருகின்றன; அவ்வளவே. அமிலம் செலவாவது என்பது இல்லை. எழுபது ஆம்பியர் எடுத்தாலும் எழுதிய அளவில் பெரும்பகுதி கிடைக்கிறது. ஐந்தில் நான்கு பங்கைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ஆகவே அறுபது ஆம்பியர்-மணி லிதியம் பாட்டரி எட்டு முறை மலையேற்றும். நூறு என்று எழுதிய ஈயம் ஐந்து முறை, அறுபது என்று எழுதிய லிதியம் எட்டு முறை! எழுத்தைப் பார்த்து விலை பேசுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். எடையும் அப்படியே. அந்த ஈயப் பாட்டரி அடுக்கு 120 கிலோ இருக்கும். லிதியம் அடுக்கு முப்பது கிலோ அளவில் அடங்கும். ஒவ்வொரு முறையும் வீணாக மலையேறிய ஈயத்துக்குப் பதிலாக இன்னொரு பாட்டியை ஏற்றிக்கொள்ளலாம்.

லிதியம் என்றதும் தீப்பற்றுமே என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அந்த அச்சம் நியாயமானது. 2022-ஆம் ஆண்டின் கோடையில் நம் நாட்டில் பல இடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. அவ்வாண்டு இறுதியிலேயே மத்திய அரசு பாட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. திருத்தணியோ கோடையில் நாற்பது பாகை செல்சியசைத் தாண்டும் ஊர்களுள் ஒன்று. ஆனால் லிதியத்தில் ஒரே வகை இல்லை. கோபால்ட், நிக்கல் ஆக்ஸைடுகள் கொண்ட வகை, அளவு மீறிச் சூடேறினால் தன்னிடமுள்ள ஆக்ஸிஜனைத் தானே வெளிவிடும். தீக்கு அதுவே துணையாகிறது. இரும்பு பாஸ்பேட் வகையில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் வெளிப்படுவதில்லை. எடைக்கு எடை இது சற்றுக் குறைவாகவே ஆற்றலைத் தேக்கும். ஆயினும் கோயில் வண்டிக்கு அந்தக் குறை ஒரு குறையன்று.

இந்த இரும்பு பாஸ்பேட்டின் கதையில் தமிழர் ஒருவருக்கும் இடமுண்டு. தென் தமிழ்நாட்டில் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், ஜான் குடினஃப் என்னும் அறிஞரோடு 1980-களில் ஆராய்ச்சி செய்தார். வெறும் ஆக்ஸைடுகளுக்குப் பதிலாக சல்பேட் போன்ற கூட்டயனிச் சேர்மங்களை மின்வாயாகப் பயன்படுத்தலாம் என்பதை அவர்கள் காட்டினார்கள். அந்த வழியிலேதான் 1997-இல் குடினஃப் குழுவினரின் இரும்பு பாஸ்பேட் வெளிவந்தது. 2019-இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரமே. பாட்டரி ஆராய்ச்சி நமக்குப் புதியதும் அன்று. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததால் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இலேயே திறக்கப்பட்டது.

இவ்வளவும் சொன்னதால் ஈயம் பயனற்றது என்று நான் சொல்வதாகக் கருத வேண்டாம். சமதரையில் நாளுக்கு இரண்டு மூன்று நடை மட்டும் போய்வருகிற வண்டிக்கு ஈயமே சிக்கனம். வாங்கும் விலை குறைவு. எந்த ஊர்ப் பாட்டரிக் கடையிலும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் இருப்பார். லிதியத்தில் காவல் செய்யும் மின்னணுப் பலகை பழுதானால் வண்டி சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். திறந்து பார்க்கக் கற்றவர்கள் சிற்றூர்களில் இன்னும் குறைவு. ஆனால் ஈயத்துக்குக் கவனிப்பாள் ஒருவர் வேண்டும். வாலை வடித்த நீர் ஊற்ற வேண்டும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். காற்றோட்டம் இல்லாத அறையில் வைக்கலாகாது. திருவிழாவுக்குத் திருவிழா ஓட்டிவிட்டு, மின்னேற்றாமல் மூலையில் நிறுத்தினால் தகட்டின்மேல் ஈய சல்பேட் இறுகிப் படிந்து பாட்டரி செத்துவிடும். ஒரு பாட்டரி ஈயமானால் சில நூறு முறை, இரும்பு பாஸ்பேட்டானால் இரண்டாயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். நாள்தோறும் ஓடுகிற மலை வண்டிக்கு, முதலில் இரண்டு மூன்று பங்கு விலை கொடுத்தாலும் லிதியமே முடிவில் மலிவு என்பது என் கருத்து.

பழைய பாட்டரியின் கதியையும் எண்ண வேண்டும். ஈயப் பாட்டரியைக் கடைக்காரர் விலை கொடுத்தே திரும்ப வாங்கிக்கொள்வார். அதிலுள்ள ஈயம் ஏறக்குறைய முழுவதும் மீண்டும் பயன்படும். ஆனால் முறையான ஆலைக்குச் செல்லாமல் கொல்லைப்புற உலையில் அது உருகினால், அந்தப் புகையும் தூசியும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். லிதியம் இரும்பு பாஸ்பேட்டில் ஈயம் இல்லை. விலையுயர்ந்த உலோகமும் அதிகம் இல்லை, அதனால் பழையதை விரும்பி வாங்குவாரும் குறைவு. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் இரண்டையும் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன. வாங்கும்போதே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஈயத்தை எடுத்துவிட்டு லிதியத்தைப் பூட்டுகிறவர்கள் பழைய மின்னேற்றியையே வைத்துக்கொள்வதும் உண்டு. அது ஆகாது. ஈயத்துக்கென அமைந்த மின்னேற்றி சில வேளை மிகை வோல்ட்டைச் செலுத்தித் தகட்டின் படிவைக் கரைக்கப் பார்க்கும். லிதியத்துக்கு அதுவே கேடு. மின்னேற்றும் நிலையத்தை மலையடியில் அமைப்பதா, உச்சியில் அமைப்பதா என்பதும் விளையாட்டான கேள்வி அன்று. வண்டி இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாகி, செலவழித்த மின்சாரத்தில் ஒரு பங்கைப் பாட்டரிக்குத் திருப்பித் தரும். லிதியம் அதை விரைந்து ஏற்கும். ஈயம் மெல்லத்தான் ஏற்கும். உச்சியில் முழுவதும் ஏற்றிய பாட்டரியோடு இறங்கினால் அந்த மின்சாரத்துக்குப் பாட்டரியில் இடமே இராது. வண்டியை நிறுத்திப் பிடிக்கும் சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும். ஆகவே நிலையம் அடிவாரத்தில்தான் இருக்க வேண்டும்.