இருட்டறைக்குள்ளே என்னதான் நடக்குது?

கதவைச் சாத்தியாச்சா? செல்போனை வெளியே வெச்சாச்சா? பேப்பர் பெட்டி திறந்திருக்கும்போது செல்போன் திரை ஒரு தடவை மின்னினாலும் போச்சு, மொத்தப் பேப்பரும் பாழ்! சரி, இப்போது வாருங்கள்.

டார்க்ரூமில் முதலில் வரவேற்பது நெடிதான். மூக்கைத் துளைக்கும் அந்தக் காடி வாடை, ஸ்டாப் பாத்தில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தின் உபயம். மேலே மங்கலாக ஒரு சிவப்பு பல்பு. கறுப்பு வெள்ளை பேப்பரைச் சிவப்பு வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்பதால் இந்தச் சலுகை. ஃபிலிமுக்கு இதுவும் கிடையாது. டப்பாவிலிருந்து சுருளை எடுத்து டேங்கில் போட்டு மூடும்வரை கும்மிருட்டு, விரல்தான் கண்!

டெவலப் ஆன ஃபிலிம்தான் நெகட்டிவ். படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரில் ஒரு முகப்படத்தின் நெகட்டிவை மாட்டியாச்சு. எடுத்த எடுப்பில் முழுப் பேப்பரை வைத்துவிட மாட்டார்கள். ஒரு துண்டை வெட்டி, பட்டை பட்டையாக ஐந்து, பத்து, பதினைந்து நொடி என்று வெளிச்சம் காட்டி, எது சரி என்று பார்ப்பார்கள். கான்ட்ராஸ்ட் போதவில்லையா? 00 முதல் 5 வரை ஃபில்டர்கள் இருக்கின்றன.

இப்போதுதான் கொண்டாட்டம்! வெளிச்சம் பட்ட பேப்பர் டெவலப்பர் தட்டில் இறங்குகிறது. தட்டை லேசாக ஆட்டுகிறோம். வெறும் வெள்ளைத் தாள். சில நொடிகள்... அதோ! முதலில் எட்டிப் பார்ப்பது தலைமுடியும் கண்மணியும். அப்புறம் புருவம், மூக்கோர நிழல். கடைசியில்தான் கன்னம். பழம் தின்று கொட்டை போட்ட ஸ்டூடியோக்காரர்களும் இந்தக் கணத்தில் தட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். பிறகு டெவலப்பரின் வேலையை நிறுத்த ஸ்டாப் பாத், படத்தை நிலைநிறுத்த ஹைப்போ, கடைசியில் கழுவல்.

ஆனால், கைவரிசை எல்லாம் என்லார்ஜர் அடியில்தான். முகம் இருண்டு போகுமா? கம்பியில் ஒட்டிய சின்ன அட்டையால் அங்கே வெளிச்சத்தை மறை, அது டாட்ஜிங். வானம் வெளிறிக் கிடக்கிறதா? அங்கே மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடு; அது பர்னிங். அட்டையும் கையும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் விளிம்பு கோடாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்!

இந்த விளையாட்டில் ராஜா, அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ். 1941 நவம்பர் 1, நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமம். பொழுது சாய்கிறது, நிலா மேலே வந்துவிட்டது, கல்லறைச் சிலுவைகள் மீது கடைசி வெயில். லைட் மீட்டரைக் காணோம்! நிலாவின் பிரகாச அளவு நினைவில் இருந்ததால் மனக்கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போயே போச்சு. கிடைத்தது ஒரே நெகட்டிவ்.

அதிலிருந்து வாழ்நாளில் 1,300க்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார். ஆரம்பகால பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம், மேகக்கீற்றுகளும் தெரியும். வருஷம் ஏற ஏற வானத்தை எரித்து எரித்து, கடைசியில் கிட்டத்தட்ட மைக்கறுப்பாக்கிவிட்டார்! பியானோ பயின்ற மனிதர். நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிட்டார். ஒரே கீர்த்தனையை அவரே ஒவ்வொரு வயதிலும் வேறு மாதிரி பாடியிருக்கிறார், அவ்வளவுதான்.

நியூயார்க் மேக்னம் புகைப்பட நிறுவனத்தின் பிரிண்டர் பாப்லோ இனிரியோ குறித்துவைத்த பிரிண்டுகளைப் பார்த்தால் தலை சுற்றும். ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் மழையில் நடந்து வரும் புகழ்பெற்ற படத்தின் மேல் வட்டம் வட்டமாகக் கோடுகள். எந்த இடத்துக்கு எவ்வளவு நேரம் டாட்ஜிங், பர்னிங் என்ற கணக்கு!

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் தயாரித்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்தக் காலத்து நெகட்டிவ்கள் உங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்த குளியலறையும் ஒரு பழைய என்லார்ஜரும் சிவப்பு பல்பும் கொஞ்சம் பேப்பரும் ரசாயனங்களும் இருந்தால் போதும். தாத்தா எடுத்த படத்தில் வானம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இனி நீங்கள் முடிவு செய்யலாம்!