இலங்கைக்குக் கடல் வழியா, வான் வழியா?



திருப்பருத்திக்குன்றத்திலிருந்து விடுமுறைக்கு இலங்கை செல்ல நாடும் குடும்பத்தார் முதலில் விசாரிப்பது கட்டணத்தையே. உடன் வரும் முதிய பெற்றோரின் உடல் தாங்குமா என்பதையன்றோ முதலில் எண்ண வேண்டும்!

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, எழும்பூரில் ரயிலேறியோர் அங்கே கப்பல் மாறித் தலைமன்னார் சேர்ந்தனர். இன்றைய கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்வது. 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடலாயிற்று. கடலில் ஏறத்தாழ 4 மணி நேரந்தான். ஆனால் நாகை சேரவே ஓரிரவு கழியும். சென்னை விமான நிலையமோ இரண்டு மணி நேரத் தொலைவு; கொழும்புக்குப் பறப்பது ஒன்றரை மணி நேரம். தறி நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலி போகிறதே, அதையும் கட்டணத்தோடு கூட்டிப் பாருங்கள்.

யாழ்ப்பாணம் மட்டும் காண விரும்பும் இளையோருக்குக் கப்பல் ஏற்றது. கொழும்பு, கண்டி செல்வோர் காங்கேசன்துறையில் இறங்கினால் மேலும் ஒரு பகல் தரைவழி அலைச்சலே. கப்பலின் ஆட்டத்தில் நின்று தொழ இயலாதோர் அமர்ந்து தொழலாம். லுஹரும் அஸரும் பிரயாணத்தில் இரண்டிரண்டு ரக்அத்களாகச் சுருங்கும்.

வடகிழக்குப் பருவமழையில் கப்பல் நிறுத்தப்படுவதுண்டு. மறுநாள் கப்பல் புறப்படுமா என்று கேட்டறிந்த பின்னரே பெற்றோரைப் பேருந்தில் ஏற்றுங்கள்.