ஒரே வரி மூன்று முறை: தமிழ்க் கோப்புகளில் சொல் தேடுதல்

கோப்புகளில் சொல் தேடும் சிறு நிரல்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து படிப்பது. சின்ன காஞ்சிபுரம் பற்றிய செய்திக் கோப்புகளில் ‘காஞ்சி’, ‘காஞ்சிபுரம்’, ‘அத்தி வரதர்’ ஆகிய மூன்றையும் தேடினால், ‘சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் 2019 ஜூலை 1 முதல் அத்தி வரதர் தரிசனம்’ என்ற வரி மூன்றுக்கும் பொருந்தி மூன்று முறை வரும்.

தமிழில் இந்தத் தொல்லை அதிகம். ‘காஞ்சிபுரம்’ என்று தேடினால் ‘காஞ்சிபுரத்தில்’ சிக்காது. வேற்றுமை ஏறியதும் சொல்லின் கடைசி மாறிவிடுகிறது. அதனால் தேடுபவர் குறுகிய வடிவங்களையும் சேர்க்கிறார். ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய சொற்கள் பட்டியலில் கூடுகின்றன.

சொல்லுக்குச் சொல் கோப்பைப் படிக்கும் அந்தச் சுழற்சியைத் திருப்பிப் போடுவதே தீர்வு. கோப்பை ஒருமுறை திறந்து, ஒவ்வொரு வரியிலும் ‘இவற்றில் ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்க வேண்டும். ஒன்று கிடைத்ததும் அடுத்த வரிக்குப் போய்விடலாம். யூனிக்ஸின் கிரெப் கட்டளைக்குப் பல சொற்களைச் சேர்த்தே கொடுத்தால் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

வந்த வரிகளை வரிசைப்படுத்தி ஒன்றுபோல் இருப்பவற்றை நீக்குவது பலர் நாடும் குறுக்குவழி. அது ஆபத்தானது. இரண்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கில் ‘ஜரிகை வரவு’ என்ற ஒரே வரி இருந்தால் அவை இரண்டு தனிச் செய்திகள். ஒன்றை அழித்தால் தகவல் போய்விடும். கோப்பின் முழுப் பாதையையும் வரி எண்ணையும் சேர்த்து அடையாளமாகக் குறித்துவைத்து, அதே அடையாளம் மறுபடி வந்தால் மட்டும் தவிர்ப்பதே சரி. குறியீட்டு இணைப்புகள் (symbolic links) வழியே ஒரே கோப்பு இரண்டு பெயரில் வந்தால், உண்மைப் பாதையைக் கண்டறிந்த பிறகே குறிக்க வேண்டும்.

சொற்பட்டியலிலேயே கண்ணுக்குத் தெரியாத இரட்டை ஒளிந்திருக்கலாம். ‘கோயில்’ என்பதன் ‘கோ’வின் உயிர்க்குறியை ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறுவேறு. தேடும் சொல், கோப்பு இரண்டையும் முதலில் யூனிகோடின் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது அவசியம்.

தனிச்சொல்லாக இருந்தால் மட்டும் எடு என்று சொல்லி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் சொற்களிடமிருந்து தப்பவும் முடியாது. பைத்தானின் வழக்கமான தேடல் நூலகம் தமிழ் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. அதன் சொல்லெல்லைக் குறியை ‘காஞ்சி’யின் இரு பக்கமும் போட்டால், தனியே நிற்கும் ‘காஞ்சி’ விடுபடும், ‘காஞ்சிபுரம்’ அகப்படும்! முன்னும் பின்னும் தமிழ் எழுத்தோ குறியோ ஒட்டியிருக்கிறதா என்று நிரலே பார்க்க வேண்டும்.

காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊரில் ‘பட்டு’ தேடுபவருக்கு இந்தச் சோதனை கட்டாயம். ‘அறிவிக்கப்பட்டு’, ‘செங்கல்பட்டு’ எல்லாம் வந்து குவியும். 1997 வரை காஞ்சிபுரமே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததால் பழைய கோப்புகளில் முகவரிக்கு முகவரி அந்தப் பெயர்தான். இங்கே இடப்பக்கச் சோதனை மட்டும் போதும். வலப்பக்கத்தையும் அடைத்தால் ‘பட்டுச்சேலை’யும் ‘பட்டுநூலும்’ கிடைக்காமல் போகும்.