மூலக்கூறு வளைவது ஏன்?

பம்பாய்ச் செம்பூர்ப் பகுதியிலுள்ள உரத் தொழிற்சாலையில் நைட்ரிக் அமிலம் தயாரிக்கும் பொழுது இடையில் உண்டாகும் பழுப்பு நிற வாயு, நைட்ரஜன் டையாக்ஸைடு ஆகும். இதன் மூலக்கூறில் ஒரு நைட்ரஜன் அணுவும் இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களும் உள்ளன. நாம் வெளிவிடும் கரியமில வாயுவின் மூலக்கூறிலும் மூன்றே அணுக்கள். எனினும் கரியமில வாயுவில் அவை ஒரே நேர்கோட்டில் நிற்க, நைட்ரஜன் டையாக்ஸைடிலோ 134 டிகிரிக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. இக்கோணங்களை மாணவர் மனப்பாடம் செய்துவிடுவர். ஏன் என்று ஒருவன் எழுந்து கேட்டால் ஆசிரியர் என்ன விடை கூறுவது?

இவ்வினாவை ஆராய்ந்தவர்களுள் ஒருவர், கொள்கைமுறைப் பௌதிக இரசாயன அறிஞரான பித்யேந்து மோகன் தேப். 1942-இல் பிறந்த இவர், ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் கூல்ஸனிடம் பயின்று ஆராய்ச்சிப் பட்டம் பெற்றபின், பம்பாயைச் சேர்ந்த போவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றினார்.

அவர் கைக்கொண்ட கருவி புதியதன்று. பிற அணுக்கருக்களின் விலக்கலும் எலக்ட்ரான் மேகத்தின் கவர்ச்சியும் சேர்ந்ததே ஓர் அணுக்கருவின் மீது செயற்படும் விசை என்பதை ஹெல்மனும், 1939-இல் பெயின்மனும் தனித்தனியே நிறுவியிருந்தனர். (ஹெல்மன் தம் தேற்றத்தின் புகழைக் காணவில்லை, 1938-இல் மாஸ்கோவில் கொல்லப்பட்டார்.) ஆயினும் எலக்ட்ரான்களின் பரவலைச் சிறிது பிழையாகக் கொண்டாலும் விசையின் மதிப்புப் பெரிதும் தவறிவிடும். ஆகவே பலர் இதனைக் கணக்கீட்டுக்கு உதவாதது என ஒதுக்கினர். தேப் மதிப்பைக் கணிக்க முற்படவில்லை. இழுப்பு எத்திசையில் என்று மட்டும் கேட்டார்.

1974-இல் அவர் வெளியிட்ட விதி இது: நிரம்பிய நிலைகளுள் மிக உயர்ந்த சக்தி நிலையிலுள்ள எலக்ட்ரான்களின் மேகம் எப்பக்கம் திரண்டுள்ளதோ, அதனையொட்டியே மூலக்கூறின் வடிவம் அமையும். கரியமில வாயுவில் இணைதிறன் எலக்ட்ரான்கள் 16. நைட்ரஜன் டையாக்ஸைடில் 17. அந்தப் பதினேழாவது எலக்ட்ரானே ஆக்ஸிஜன் அணுக்கருக்களை நேர்கோட்டினின்று ஒரு பக்கமாக இழுக்கிறது. அதனை நீக்கிய நைட்ரோனியம் அயனி மீண்டும் நேர்கோடாகிறது. மேலும் ஒன்றைச் சேர்த்த நைட்ரைட் அயனியிலோ கோணம் 115 டிகிரியாகக் குறைகிறது. இம்மூன்றையும் கரும்பலகையில் வரிசையாக எழுதிக் காட்டினால் போதும், கணிதம் வேண்டுவதில்லை.

1981-இல் இவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு கிடைத்தது. இவருடைய மாணவர் ஸ்வபன் குமார் கோஷ், பின்னர் செம்பூரை அடுத்த டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறை ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

தண்ணீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் மிக உயர்ந்த நிலையிலுள்ள எலக்ட்ரான்கள் கோண மாறுதலைப் பொருட்படுத்துவதில்லை. அங்கே அடுத்த கீழ்நிலையை நோக்கவேண்டும், 104.5 டிகிரி வளைவுக்குக் காரணம் அங்கேதான் உள்ளது.