கைவேலைக்கு ஓர் இணையச் சந்தை

கைவினைப் பொருட்களை மட்டும் விற்கும் இணையச் சந்தையைத் தொடங்குபவர், எதைக் கைவேலை என்று ஏற்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் உட்கார்ந்து சுற்றுவட்டாரப் பொருட்களைப் பட்டியல் போட்டால் முதல் பொருளிலேயே சிக்கல் வரும். நாமக்கல், சேலம் பக்கத்து மாக்கல்லில் செய்யும் கல்சட்டியை எடுத்துக்கொள்ளலாம். மோட்டாரில் ஓடும் கடைசல் பட்டறையிலும் இன்று சட்டி கடைகிறார்கள். கல்லைச் சுழற்றுவது மின்சாரம். உளியைப் பிடித்துக் கனம் பார்த்து நிறுத்துவது கை. உளியால் கொத்தி எடுத்த சட்டியில் வெட்டுத்தடம் முன்பின்னாக விழுந்திருக்கும், கடைந்த சட்டியில் வரி வட்டமாக ஓடும். இரண்டையும் தாராளமாக விற்கலாம். எது எந்த வகை என்று எழுதிவிட்டுத்தான் விற்க வேண்டும்.

இந்த வரையறையைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் எட்சி நல்ல பாடம். 2005இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கைவேலைக்காரர்களுக்கென்று தொடங்கிய தளம் அது. 2013இல் வெளி உற்பத்தியாளரைக் கொண்டு பொருள் செய்யவும் விற்பனையாளர்களை அனுமதித்தது. 2015இல் பங்குச் சந்தைக்குப் போனது. 3.5 சதவீதமாக இருந்த விற்பனைக் கட்டணம் 2018இல் 5 சதவீதமாகி, 2022 ஏப்ரலில் 6.5 சதவீதமானது. அந்த மாதமே ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் கடையை மூடிப் போராடினார்கள். கட்டண உயர்வோடு, ஆலைச் சரக்கு கைவேலை வேடத்தில் வந்து குவிவதும் அவர்களுடைய புகாரில் இருந்தது.

துணி விஷயத்தில் இந்தியாவில் வரையறை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், குறிப்பிட்ட வகைச் சேலை, வேட்டி, துண்டு உள்ளிட்ட 11 இனங்களை இன்று கைத்தறிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. பட்டின் தூய்மைக்கு 2004இல் சில்க் மார்க் வந்தது, கைத்தறிக்கு 2006இல் ஹேண்ட்லூம் மார்க். தரமான கைத்தறிக்கான இந்தியா ஹேண்ட்லூம் பிராண்டை 2015 ஆகஸ்ட் 7 அன்று, முதல் தேசியக் கைத்தறி நாளில், பிரதமர் சென்னையில் தொடங்கிவைத்தார். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஒவ்வொரு முத்திரையும் ஒவ்வொன்றைத்தான் சொல்லும் என்பதைச் சந்தை நடத்துபவர் மறக்கக் கூடாது. சில்க் மார்க் இருந்தால் நூல் பட்டு என்று பொருள். தறி கைத்தறியா விசைத்தறியா என்பதற்கு அது சாட்சி சொல்லாது.

துணியைக் கையில் வாங்கிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பார்கள். தறியில் துணி சுருங்காதபடி அகலவாக்கில் இழுத்துப் பிடிக்க, இரு முனையிலும் ஊசி வைத்த குச்சி போடுவார்கள். அந்த ஊசி குத்திய பொடித்துளைகள் ஓரத்தில் வரிசையாக நிற்கும். விசைத்தறியிலும் ஓரத்தைப் பிடிக்கும் ஊசி வளையம் உண்டு என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. தறி வீட்டுக்கு நேரில் போவதுதான் உறுதியான வழி. பாவு தறியில் இருக்கும்போதே தேதியோடு படம் எடுத்து, அந்தச் சேலைக்கு ஓர் எண் கொடுத்து, அறுத்து இறக்கியதும் அதே எண்ணைச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டால், வாங்குபவருக்கு வேறு சான்று பெரிதாகத் தேவைப்படாது. இளம்பிள்ளை, இராசிபுரம் போன்ற ஊர்கள் சேந்தமங்கலத்திலிருந்து போய்வரும் தொலைவில் இருப்பதால் இது நடக்கக்கூடிய காரியமே.

தறி வீட்டுக்குப் போனால் இன்னொன்றும் தெரியவரும். நெய்பவருக்குச் சேலை பெரும்பாலும் சொந்தம் இல்லை. பாவும் ஊடையும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ வரும். நெய்து கொடுத்தால் கூலி. ஆக, ‘நெசவாளரிடமிருந்து நேரடியாக’ என்று பல தளங்கள் போடும் வரி பாதி உண்மைதான். நெய்தவர் யார், விற்பவர் யார், கூலி எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியே எழுதும் சந்தை அரிது. புதிதாக வருபவருக்கு அதுவே பலமாக அமையலாம். 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் இணையத்தில் விற்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் இந்தியா ஹேண்ட்மேட் தளம் கமிஷன் வாங்குவதில்லை. விலையில் அவற்றோடு போட்டி போடுவது வீண்.

அனுப்பும் செலவில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கூரியர் நிறுவனங்கள் எடையோடு பருமனையும் கணக்கிடும். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பது பரவலான முறை. 45க்கு 45, உயரம் 40 உள்ள மூங்கில் கூடை தராசில் ஒரு கிலோ காட்டலாம்; கூரியர் கணக்கில் 16.2 கிலோ. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கூடைகளை அடுக்காக விற்றால்தான் கட்டுப்படியாகும். கல்சட்டிக்கு நேர்மாறான தொல்லை: கனமும் உண்டு, தட்டினால் உடையவும் செய்யும். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும், பழக்காமல் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விட்டுவிடும். வடிகஞ்சியில் சில நாள் ஊறவைத்துச் சிறுதீயில் மெல்லச் சூடேற்றும் முறையை அச்சடித்துப் பெட்டிக்குள் வைக்காத விற்பனையாளருக்குச் சட்டி திரும்பி வரும்.

சட்டப் பக்கம் அவ்வளவு கடினமில்லை. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவர் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டுத் தயாரிப்பு என்பவற்றைக் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 2023 அக்டோபர் முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கும் சிறு விற்பனையாளர், தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே பதிவெண் ஒன்றை வாங்கிக்கொண்டு இணையச் சந்தையில் சேரலாம்.

மிஞ்சுவது பணம். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பக் கொடுத்த கெடு முடிந்த பிறகே விற்பவர் கணக்கில் பணம் போடுவது தளங்களின் வழக்கம். பெரிய வியாபாரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடுத்த பாவுக்கு நூல் வாங்கக் காத்திருப்பவருக்கோ, பத்து நாள் பணம் நின்றால் பத்து நாள் தறியும் நிற்கும். சந்தை தொடங்க ஒதுக்கும் முதலில் பெரும்பங்கை, வலைத்தளம் கட்டக் கூலி பேசுவதற்கு முன்பே, கெடு முடியக் காத்திராமல் அவருக்குக் கொடுக்க வேண்டிய முன்பணத்துக்கு எடுத்து வைத்துவிட வேண்டும்.