கொழுந்தும் கொலாஜனும்

லயத்து அறையில் அடுப்பெரியும் இடமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் பல வீடுகளில் ஒன்றுதான். கொதிநீர், கவிழும் மண்ணெண்ணெய் விளக்கு, குளிருக்கு மூட்டிய நெருப்பு என்று தீக்காயம் மலையகத்துக்குப் பழகிய துயரம். மேல்தோல் மட்டும் வெந்தால் ஆறிவிடும். அடித்தோல் முழுவதும் வெந்துவிட்டால் உடம்பு அதைத் திரும்ப உண்டாக்குவதில்லை. தழும்பால் இழுத்து மூடுகிறது. விரல் மூட்டில் அப்படி இழுத்தால் கை மடங்கியபடியே நின்றுபோகும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அதோடு பிழைப்பும் போகும்.

இந்த இழுப்பைக் குறைக்கும் வழியை அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜோன் பர்க்கும் பேராசிரியர் இயோனிஸ் யனாஸும் கண்டார்கள். மாட்டுத் தசைநாணிலிருந்து கொலாஜன் என்ற புரதம், சுறாக் குருத்தெலும்பிலிருந்து ஒரு சர்க்கரைப் பல்பகுதியம், இரண்டையும் சேர்த்து நுண்துளைகள் நிறைந்த மெல்லிய தகடு. அதன்மேல் சிலிகோன் படலம். காயத்தில் இதைப் பதித்தால் நோயாளியின் கலங்கள் துளைகளுக்குள் புகுந்து புதிய அடித்தோலை நெய்கின்றன. வீடு எழுந்ததும் சாரத்தைப் பிரிப்பதுபோல, தகடு தானே கரைந்துபோகும். பிறகு சிலிகோனை உரித்துவிட்டு, நோயாளியின் சொந்தத் தோலை மிக மெல்லிதாக ஒட்டுகிறார்கள். 1981இல் தீக்காய நோயாளிகளிடம் பெற்ற பலன் வெளியானது; 1996இல் அமெரிக்க அரசு இந்தத் தகட்டை அனுமதித்தது.

கொலாஜனின் கதையில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. மூன்று இழைகள் முறுக்கிய கயிறு அதன் வடிவம் என்ற மாதிரியை 1954இலும் 1955இலும் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இரண்டு பேரும் செய்தது நோபல் பரிசுக்குரிய வேலை என்பதே என் எண்ணம்.

கொலாஜன் தகட்டுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. காயத்தில் ஊறும் நொதிகள் அதை வேண்டிய காலத்துக்கு முன்பே அரித்துவிடும். அதைத் தடுக்க, இழைகளை ஒன்றோடொன்று பிணைக்க வழக்கமாகச் சேர்க்கும் குளூட்டரல்டிஹைட் என்ற வேதிப்பொருள் கலங்களுக்கு நஞ்சு. இங்கேதான் நம் தேயிலை வருகிறது. பச்சைக் கொழுந்தில் நிறைந்துள்ள கேட்டச்சின்கள் கொலாஜன் இழைகளைப் பற்றிக்கொள்ளக் கூடியவை. மரப்பட்டைச் சாற்றால் தோல் பதனிடுவதும் இதே வேதியியல்தான். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டச்சின் கொலாஜனை நொதிகளின் அரிப்பிலிருந்து காப்பதைக் காட்டினார்கள். கறுப்புத் தேயிலையாக்கும்போது கேட்டச்சினில் பெரும்பங்கு மாறிவிடுகிறது; ஆகவே தேவைப்படுவது பச்சை இலை. அதற்கா மலையகத்தில் பஞ்சம்?

இத்தகடு போன்ற வெளிநாட்டுச் செயற்கைத் தோல் மிக விலையுயர்ந்தது. ஆனாலும் இலங்கை வெறுங்கையோடு இல்லை. கொழும்பிலுள்ள மனித இழைய வங்கி, பிரசவத்துக்குப் பின் கிடைக்கும் பனிக்குடச் சவ்வைச் சுத்தம் செய்து, காமாக் கதிரால் கிருமி நீக்கித் தீக்காயக் கட்டாக வழங்கிவந்துள்ளது. அந்தச் சவ்விலும் முக்கியப் பொருள் கொலாஜனே.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பேராதனையில் மருத்துவ பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. டிக்கோயாவில் 2017இல் திறந்த 150 படுக்கை வைத்தியசாலைக் கட்டடம் இருக்கிறது. இவை ஒரே மேசையில் உட்கார வேண்டும். கேட்டச்சின் சேர்ந்த கொலாஜன் தகட்டை இங்கேயே ஆராய்ந்து, ஒழுங்காகச் சோதித்து, தோட்டத்து நோயாளிக்கு இலவசமாகக் கிடைக்கச் செய்ய வேண்டும். மலையகத்துப் பாராளுமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் இந்தக் கோரிக்கையைச் சம்பளக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே வைக்கட்டும்.